பக்கத்தில் யார் உட்காரலாம்? பாளையங்கோட்டையிலிருந்து கோட்டாறு வரை

பாளையங்கோட்டைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஊசிக்கோபுரத்தை. மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டிய தூய திரித்துவ ஆலயம் அது. 1826இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேர்பிடித்த கதை அங்கே தொடங்கவில்லை. அதற்கு 41 வருடம் முன்பே எழும்பிய ஒரு சிறிய கோயிலில் தொடங்கியது. ஊர்க்காரர்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். ஏட்டில் அதன் பெயர் குளோரிந்தா ஆலயம்.

குளோரிந்தா தஞ்சாவூர் மராட்டிய பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளம் வயதில் விதவையானவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்து வாழ்ந்தார். கிறிஸ்தவத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அந்த அதிகாரிதான். தஞ்சையிலிருந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். திருமணம் செய்துகொள்ளாமல் ஒருவரோடு வாழும் பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பது என்பது அவர் நியாயம். அதிகாரி இறந்த பிறகு, 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் பாளையங்கோட்டைச் சபைக்கு ஒரு பதிவேடு எழுதப்பட்டபோது அதில் 40 பேர் இருந்தார்கள். பல சாதிகளிலிருந்து வந்தவர்கள். 1785இல் குளோரிந்தாவின் முயற்சியால் கோயில் எழும்பியது.

விதவை, சாதி கெட்டவள், வெள்ளைக்காரனோடு இருந்தவள் என்று மூன்று பழிகளைச் சுமந்த ஒரு பெண் கட்டிய கோயிலின் நிழலில் நின்றுகொண்டுதான் இந்தப் பயணத்தின் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொண்டேன். ஒருவர் கிறிஸ்தவர் என்பதை யார் முடிவு செய்வது? முழுக்குக் கொடுப்பவரா, பதிவேடு எழுதுபவரா, கோயில் கட்டியவரா? குளோரிந்தா கதையை அ. மாதவையா 1915இல் ஆங்கில நாவலாக எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். இருந்தும் இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் சொல்லியாக வேண்டிய ஏதோ ஒன்று இருப்பதாக அவருக்குப் பட்டிருக்கிறது.

கோயில் வளாகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இந்தக் கோயிலு சின்னதுதான் சார். ஆனா இதுலேந்துதான் எல்லாம் கெளம்புச்சு. அந்த அம்மாவ அன்னைக்கி எவனும் வீட்டுக்குள்ள சேத்திருக்க மாட்டான். இன்னைக்கி நாம அவங்க பேரச் சொல்லிக் கோயிலுக்கு வாரோம்லா" என்றார்.

*

ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் தமிழ் வேதாகமத்தைத் திருத்தியதும், இலக்கணம் எழுதியதும், கிறிஸ்தவரானதால் துரத்தப்பட்டவர்களைக் குடியேற்ற நிலம் வாங்குவதற்காக 1830இல் தர்ம சங்கம் நிறுவியதும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவரிடம் பிடித்தது ஒரு சமையலறைச் சண்டை. அவர் நடத்திய பள்ளியின் மாணவர் விடுதியில் உயர்சாதிப் பையன்கள் தங்களுக்குத் தனிச் சமையல் வேண்டும் என்றார்கள். ரேனியஸ் ஒப்பவில்லை. பள்ளியை மூடிப் பையன்களை வீட்டுக்கு அனுப்பினார். ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே பந்தியில் உண்ணச் சம்மதித்தால்தான் பள்ளி நடக்கும் என்றார்.

படிப்பைவிடச் சாப்பாட்டுக்கு அத்தனை முக்கியத்துவமா என்று தோன்றலாம். புதிய ஏற்பாட்டைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இயேசுவின் சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கிய ஊர் அந்தியோக்கியா. அதே ஊரில்தான் பேதுருவும் பவுலும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். காரணம் பந்தி. யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். இலைக்கு முன்னால் நடந்த சண்டை அது. ஆனால் அதில் பேதுரு ஜெயித்திருந்தால் கிறிஸ்தவம் ஒரு சிறு யூதப் பிரிவாகவே முடிந்துபோயிருக்கும்.

திருநெல்வேலிச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. பண்டிகை நாளில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, ஆட்டுக்கறி போட்டு, ஊரையே உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். காணிக்கையில் பெரும்பகுதி அரிசிக்கும் கறிக்கும் போகிறதே என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. பந்தியில் யாரையும் பிரித்து உட்காரவைக்காத அசனம் நூறு பிரசங்கங்களுக்குச் சமம் என்பது என் கட்சி. அப்படிப் பிரிக்காமல் நடக்கிறதா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

*

நாங்குநேரி தாண்டி ஏர்வாடி வழியாக டோனாவூர் போகும் சாலையில் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. மழைக்காலம் முடிந்த மாதம் என்பதால் குளங்களில் தண்ணீர் இருந்தது. வாழைத் தோட்டங்கள். ஊருக்கு இந்தப் பெயர், அந்நாளில் இங்குள்ள ஊழியத்துக்குப் பணம் அனுப்பிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் நினைவாக ரேனியஸ் காலத்தில் வந்தது.

ஊரை உலகம் அறியச் செய்தவர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தில் 1867இல் பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், பிறகு ஊர் திரும்பவே இல்லை. 1901 மார்ச்சில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளை அடுத்து இன்னொருத்தி, இன்னொருத்தி என்று பிள்ளைகள் வர, டோனாவூர் ஒரு பெரிய குடும்பமானது. பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது 1947இல்தான். அதற்காகச் சட்டமன்றத்தில் போராடிய முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய காரியமும் ஏமி தொடங்கிய காரியமும் வேறு வேறு வாசல் வழியாக ஒரே வீட்டுக்குள் நுழைந்தவை.

ஏமியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாகசத்தையே பேசுவார்கள். அதைவிடக் கஷ்டமானது கைக்குழந்தைகளை வளர்த்த வேலை. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்யும் ஊழியத்துக்கென்று வந்தவர் அவர். தொட்டில் ஆட்டுவதும் துணி அலசுவதும் ஊழியமா என்று மற்ற மிஷனரிகளே கேட்டார்கள். உதவிக்கு வந்த படித்த கிறிஸ்தவப் பெண்களில் சிலருக்கும் அது கௌரவக் குறைவாகப் பட்டது. அடுத்த சாதிக் குழந்தையின் மலத்தை அலசுவதா? சீடர்களின் கால்களைக் கழுவிய குருவை நினைத்துக்கொண்டுதான் இந்தத் தயக்கத்தைக் கடந்ததாக ஏமி எழுதியிருக்கிறார். பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்கள் அவரோடு நின்றார்கள். நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். டோனாவூரைக் கட்டியது ஓர் அயர்லாந்துக்காரி மட்டும் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதிதான்.

1931இல் கீழே விழுந்து அடிபட்ட ஏமி, அதன்பின் 20 வருடம் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். 1951 ஜனவரி 18ஆம் தேதி இறந்தார். தன் குழிக்கு மேல் கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் 'அம்மாய்' என்று பொறித்தார்கள். பிரமுகர்களின் கல்லறை வாசகங்களை நிறையப் படித்திருக்கிறேன். சாதி தெரியாத, ஊர் தெரியாத பிள்ளைகள் ஒருவருக்குக் கொடுத்த இந்த உறவுப் பெயருக்கு ஈடாக ஒன்றையும் பார்த்ததில்லை.

*

டோனாவூரிலிருந்து வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று தெற்கே இறங்கி, கிழக்கே திரும்பினால் வடக்கன்குளம். காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கும் செம்மண் பூமி. கிறிஸ்தவத்தின் பெருமையையும் சிறுமையையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த ஊருக்கு வரவேண்டும்.

பெருமை முதலில். 1745 மே 14ஆம் தேதி, திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை என்பவர் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். கொடுத்தவர் சேசு சபைக் குருவான புத்தாரி. தேவசகாயம் என்ற பெயரோடு வெளியே வந்தார் நீலகண்டன். அவர் மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். கணவன் கொல்லப்பட்ட பிறகு ஞானப்பூ அம்மாள் இந்த ஊரிலேயே வாழ்ந்து, இந்த மண்ணிலேயே அடக்கமானார்.

இனிச் சிறுமை. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்று 127 வருடம் கழித்து, 1872இல், இதே ஊரில் திருக்குடும்பத்துக்கு ஒரு பெரிய கோயில் கட்டினார்கள். ஒரு பீடம், அதிலிருந்து 'வி' எழுத்தைப் போல விரியும் இரண்டு கூடங்கள். ஒரு கூடத்தில் வெள்ளாளரும் அவர்களைச் சார்ந்தவர்களும், மற்றதில் நாடார்கள். இடையே சுவர். ஒரு கூடத்தில் இருப்பவர் பீடத்தில் நிற்கும் குருவைப் பார்க்கலாம்; அடுத்த கூடத்தில் முழங்காலில் நிற்பவரைப் பார்க்க முடியாது. முன்னிருந்த கோயிலில் யார் எங்கே நிற்பது என்று ஓயாமல் நடந்த தகராறுக்குத் தீர்வாகவே இப்படி ஒரு வரைபடம் போட்டார்கள். வரைந்தவர்களும் ஆசீர்வதித்தவர்களும் குருக்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துச் சாதியைக் கட்டடமாக்கிய காரியம் அது.

1910 வாக்கில் திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் காலத்தில் அந்தச் சுவரை இடித்தார்கள். இடித்ததும் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், எங்கள் சுவரைத் திருப்பிக் கொடுங்கள் என்று! வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறியது. பிறப்பைக் காட்டிக் கோயிலுக்குள் தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. கேட்டவர்கள் தோற்றார்கள். கிறிஸ்தவத்தில் சாதிக்கு இடமில்லை என்பதைக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. இந்த முழு வரலாற்றையும் ஆவணங்களோடு தோண்டி எடுத்து 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலாக்கியவர் தூத்துக்குடிப் பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன். தமிழ்க் கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய புத்தகம்.

கோயிலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஓர் அண்ணாச்சியிடம் சுவரைப் பற்றிக் கேட்டேன். முதலில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது எங்க தாத்தா காலத்துக் கத. இப்ப எல்லாரும் ஒண்ணாத்தான் பூசைக்கு நிக்கோம்" என்றார். கொஞ்ச நேரம் டீயைக் குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார்: "பூசைக்கு ஒண்ணா நிப்பான். பொண்ணு குடுக்கச் சொல்லுங்க, பாப்போம்."

இந்தச் சுவர்க் கதையில் வெள்ளாளரைக் குற்றவாளியாகவும் நாடாரைப் பாதிக்கப்பட்டவராகவும் நிறுத்திவிட்டுப் போவது சுலபம். அவமானப்பட்டவர்கள் போராடி மேலே வந்தது உண்மை. அது பெரிய சாதனை. மேலே வந்தவர்கள் தங்களுக்குப் பின்னால் நின்றவர்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற கேள்வி அதோடு கூடவே பிறக்கிறது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் பெரும்பான்மையாக இருக்கும் சாதிக் கிறிஸ்தவர்கள் நடுவில் தலித் கிறிஸ்தவர்கள் வாழும் வாழ்க்கையைக் கேட்டுப் பார்த்தால், இடிந்த சுவர் வேறு இடத்தில் எழும்பியிருப்பது தெரியும்.

*

வடக்கன்குளத்திலிருந்து ஆரல்வாய்மொழிக்கு அதிக தூரமில்லை. மலைகளுக்கு இடையே இருக்கும் கணவாய் வழியாகக் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. காத்தாடிமலை என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம் இது.

அவர் கதைக்கு ஓர் அடித்தளம் குளச்சல் போர். 1741இல் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத் தலைவன் டிலனாய், பிறகு அதே மன்னனின் தளபதியானான். சொத்து அழிந்து, குடும்பத்தில் துக்கம் சூழ்ந்து கலங்கியிருந்த நீலகண்டனுக்கு அவன் வேதாகமத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னான். அதில் தொடங்கியது மனமாற்றம். ஞானஸ்நானத்துக்குப் பிறகு தேவசகாயம் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார், அவர்களோடு உண்டார் என்று மரபு சொல்கிறது. அரண்மனை அதிகாரி ஒருவர் அப்படி நடந்துகொண்டது அந்தக் காலத்துக்குப் பெரிய அதிர்ச்சி. 1749இல் கைது. எருமையின் மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனதும், அடித்த புண்களில் மிளகாய்ப் பொடி தடவியதும் குமரி மாவட்டத்துப் பாட்டிமார் இன்றும் சொல்லும் சேதிகள். 1752 ஜனவரி 14 அன்று இரவு சுட்டார்கள்.

அவர் கொல்லப்பட்டது மதத்துக்காகவா, அரசியல் காரணமா என்று வரலாற்றாய்வாளர்களிடையே விவாதம் உண்டு. அந்தக் கால அரசுகளில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். என் கவனம் வேறொன்றில் நின்றது. வெறுமனே சாமியை மாற்றிக்கொண்டிருந்தால் அரண்மனை அவரை விட்டிருக்கலாம். அதே அரண்மனையில் டிலனாய் என்ற கிறிஸ்தவன் தளபதியாகவே இருந்தான். பந்தியை மாற்றியதை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

மலையில் மணியடிச்சான் பாறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். கல்லால் தட்டினால் வெண்கலம் போல ஒலிக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் தட்டிப் பார்க்கிறார்கள். குடும்பத்தோடு வந்திருந்த ஓர் ஆச்சி பேரனிடம், "மக்கா, சும்மா தட்டாத. ஜெபிச்சிட்டுத் தட்டு" என்றார். அவர் நெற்றியில் விபூதி இருந்தது. எதற்காக வந்தீர்கள் ஆச்சி என்று கேட்டேன். "இவனுக்குச் சொகமில்லாம இருந்தப்போ நேந்துக்கிட்டேன். யாரு சாமின்னு பாத்தா நேந்துக்கிட முடியும்?" என்றார். அவரிடம் மறுபேச்சுப் பேச எனக்கு வாய் வரவில்லை.

*

ஆரல்வாய்மொழியிலிருந்து தெற்கே வந்தால் மயிலாடி. ஊருக்குள் நுழையும்போதே உளிச் சத்தம் வரவேற்கிறது. கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர். சாலையோரப் பட்டறைகளில் பிள்ளையாரும் சுடலைமாடனும் மாதாவும் பாதி உடம்போடு வெயிலில் நிற்கிறார்கள். செதுக்குகிறவருக்கு எல்லாம் கல்தான்.

திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் இந்த ஊர் வழியாக நுழைந்தது. கொண்டுவந்தவர் மகாராசன் என்ற சாம்பவர் சாதி உழவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், மனம் நிறையாமல் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் மிஷனரி கோலாப்பைச் சந்தித்தார். வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊருக்குத் திரும்பினார். முதலில் தன் வீட்டாரிடம், பிறகு உறவினரிடம் சொன்னார். எதிர்ப்பும் அடியும் வந்தன. அவர் அழைத்ததன்பேரில் ரிங்கல்தொபே என்ற ஜெர்மானியர் 1806இல் வந்தார். 1809இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. ரிங்கல்தொபே விசித்திரமான மனிதர். சம்பளத்தைத் தானம் செய்துவிட்டுக் கிழிந்த உடுப்போடு திரிவார். 1816இல் உடல்நிலை கெட்டு, பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். கடல்வழியில் எங்கே, எப்படி இறந்தார் என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த மிஷனரி வரும்வரை சபையை நடத்தியவர் வேதமாணிக்கம். இப்பகுதிச் சபைகளுக்குத் தகப்பன் ஒரு தலித் என்பதை எத்தனை ஞாயிறு பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ரிங்கல்தொபே தன்னிடம் வந்தவர்களைப் பற்றிச் சந்தேகத்தோடு எழுதியிருக்கிறார். கூலியில்லாத ஊழிய வேலையிலிருந்தும் வரிகளிலிருந்தும் தப்பிக்கத்தான் வருகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. இன்றும் இது ஓயவில்லை. கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மாறினவன் என்று ஏளனம் செய்கிறவர்களைப் பார்க்கிறோம். அந்தக் காலத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் தலைக்கு வரி கட்டினார்கள். சாணார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1820களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம், 1859 ஜூலை 26ஆம் தேதி அரசாணை வந்தபிறகுதான் அடங்கியது. அந்த ஆணையும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மானத்தைத் தேடி ஒரு வாசலில் வந்து நின்றால் அது கேவலமான நோக்கமா? மனிதன் எதற்காக வந்தான் என்பதைவிட, வந்தபிறகு தன் வாசலை யாருக்குத் திறந்தான் என்பதை வைத்தே அவனை அளக்கவேண்டும்.

மயிலாடிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் சாமித்தோப்பு, அய்யா வைகுண்டரின் ஊர். அவர் 1809இல், மயிலாடிக் கோயில் எழுந்த அதே வருடம் பிறந்தவர். மிஷனரிகளை அவர் ஏற்கவில்லை. தன் மக்கள் மதம் மாறுவதையும் விரும்பவில்லை. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீரெடுக்கவைத்தார், சேர்ந்து உண்ணவைத்தார், தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். சிலுவைக்கு முன் மண்டியிடாத ஒருவர் இதைச் செய்தார். நல்ல சமாரியன் கதையை வைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் கதையில் குருவும் லேவியனும் விலகிப் போகிறார்கள். காயப்பட்டவனைத் தூக்குகிறவன் வேற்று மார்க்கத்தான். இயேசு வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னார். குமரி மண்ணில் அந்தக் கதையை நேரில் நடத்திக் காட்டியவர்களில் வைகுண்டரும் ஒருவர் என்று சொன்னால் கிறிஸ்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

*

நாகர்கோவில் நெரிசலுக்குள் கோட்டாறு சவேரியார் பேராலயம். டிசம்பர் 3 சவேரியார் திருநாளை ஒட்டி இங்கே நடக்கும் விழாவுக்குச் சாதி மதம் பார்க்காமல் ஊரே திரளும். தேவசகாயத்தின் உடலை இங்கேதான் அடக்கினார்கள். 2012 டிசம்பர் 2இல் இதே நாகர்கோவிலில் அருளாளராக உயர்த்தப்பட்டவர், 2022 மே 15இல் போப் பிரான்சிஸால் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் புனிதர் பட்டம் பெற்ற முதல் மனிதர். அதற்கு முன்பு ஒன்று நடந்தது. சாதியை உதறியவருக்குச் சாதிப் பெயரோடு பட்டமா என்று கிறிஸ்தவர்கள் சிலர் ரோமுக்கு எழுதினார்கள். வத்திக்கான் 'பிள்ளை'யை நீக்கியது. அவர் சாகும்போது விட்டுப்போனதை அவர் பெயரிலிருந்து எடுக்க ஏறக்குறைய 270 வருடம் ஆகியிருக்கிறது.

கல்லறை முன்னால் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. வெளியே வந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்கினேன். மணமக்கள் விளம்பரப் பக்கத்தில் கிறிஸ்தவப் பகுதி தனியே இருந்தது. அதற்குள் சாதி சாதியாக உட்பிரிவுகள். 1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லண்டன் மிஷன் வழிவந்த சபைகள் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. உலகக் கிறிஸ்தவ வரலாற்றில் பெரிய சாதனை என்று இன்றும் பாராட்டப்படுகிறது. கோட்பாட்டு வேறுபாடுகளைக் கடந்து ஒன்றான சபையால் கல்யாணப் பந்தலில் ஒன்றாக முடியவில்லை.

தலித் கிறிஸ்தவர்களின் நிலை இன்னும் மோசம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்று வந்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே என்று அரசு சொல்கிறது. கோயிலில், சபை நிர்வாகக் குழுத் தேர்தலில், கல்லறைத் தோட்டத்தில் உன் இடம் அந்த ஓரம் என்று சக கிறிஸ்தவன் சொல்கிறான். தமிழ்நாட்டில் சில ஊர்களில் செத்தவர்களைக்கூடச் சாதிப்படி பிரித்துப் புதைக்கிறார்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் எழுந்த பிறகு சுவரை எப்படித் தாண்டுவது என்று யோசித்தார்களா தெரியவில்லை.

இந்த வழியெங்கும் நான் பார்த்த எந்த இடத்திலும் கோட்பாட்டை வைத்து யாரும் சோதிக்கப்படவில்லை. குளோரிந்தாவுக்கு வாசலில் சோதனை. ரேனியஸின் மாணவர்களுக்குச் சமையலறையில். டோனாவூர்ப் பெண்களுக்குத் தொட்டிலுக்குப் பக்கத்தில். வடக்கன்குளத்துக்குக் கோயில் தரையில். தேவசகாயத்துக்கு அவர் யாரோடு உண்டார் என்பதில். கிறிஸ்தவனாக இருப்பது என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால், பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் எழுந்து போகாமல் இருப்பது என்பேன். ஜெபமும் உபவாசமும் பாடலும் அந்த இடத்தில் உட்காரப் பலம் தருவதற்காக இருப்பவை. பலம் தரவில்லையென்றால் அவற்றால் என்ன பயன்?

இதைப் படிக்கும் கிறிஸ்தவ நண்பர்களே, பாளையங்கோட்டையிலிருந்து கோட்டாறு வரை ஒருமுறை போய்வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வந்து உங்கள் சபையில் மூன்று கேள்வி கேளுங்கள். நம் குழுவில் இதுவரை எந்தச் சாதியார் வந்ததே இல்லை? நம் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு இடமில்லை? நம் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது நாம் முதலில் விசாரிப்பது எதை? இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தயாராக இருக்கும் சபைதான் கிறிஸ்தவ சபை. மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கூடும் சாதிச் சங்கம்.